மூத்த பதவி, மந்தமான சந்தை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

டி.சி.எஸ். நிறுவனம் தன் ஊழியர்களில் 2 விழுக்காட்டினரை, அதாவது 12,000-க்கும் மேற்பட்டோரை விடுவிக்கப்போவதாகவும், அவர்களில் பெரும்பாலோர் நடுநிலை, மேல்நிலைப் பொறுப்புகளில் இருப்பவர்கள் என்றும் 2025 ஜூலையில் தெரிவித்த பிறகு, இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களின் தன்மையே மாறிவிட்டது. மகனுக்கு எந்தப் படிப்பு, மகளுக்கு எந்த நிறுவனம் என்று கேட்டுக்கொண்டிருந்த பெற்றோர் இப்போது தங்கள் வேலையைப் பற்றி எழுதுகிறார்கள். மென்பொருள் துறையினர் மட்டுமல்லர். பனியன் நிறுவனங்கள், வாகன உதிரிபாகத் தொழிற்சாலைகள், பம்ப்செட் ஆலைகள் ஆகியவற்றிலிருந்தும் கடிதங்கள் வந்துள்ளன. எனவே இம்முறை 45 வயதைக் கடந்தவர்களின் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எனக்கு 48 வயது. பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்தில், வாடிக்கையாளர் திட்டங்களை முடித்துத்தரும் பொறுப்பில், டெலிவரி மேனேஜராக இருந்தேன். மொத்தம் 24 ஆண்டு அனுபவம். வேலை போய் ஐந்து மாதங்கள் ஆகின்றன. நௌக்ரியிலும் லிங்க்ட்இன்னிலும் நாள்தோறும் விண்ணப்பிக்கிறேன். 'கிடைத்தது' என்ற பதில்கூட வருவதில்லை. என் தன்விவரக் குறிப்பில் என்ன குறை?
– வாசகர், சோழிங்கநல்லூர்

பதில்: குறிப்பில் குறை இருக்கலாம், அதைப் பிறகு பார்ப்போம். முதற்குறை நீங்கள் அதை அனுப்பும் வழியில் இருக்கிறது. வேலைவாய்ப்புத் தளங்கள் பத்துப் பன்னிரண்டு ஆண்டு அனுபவம் உள்ளவர்களுக்கு நன்றாகப் பயன்படுகின்றன. அந்தத் தளங்களில் ஆள் தேடும் பணியாளர், அனுபவம் இத்தனை ஆண்டு முதல் இத்தனை ஆண்டு வரை, இப்போதைய ஊதியம் இவ்வளவுக்குள், ஊர் இது, நோட்டீஸ் காலம் இத்தனை நாள் என்று வடிகட்டிகளை வைத்துத்தான் தேடலைத் தொடங்குகிறார். 8 முதல் 14 ஆண்டு என்று அவர் தேடினால், 24 ஆண்டு அனுபவமுள்ள உங்கள் பெயர் அவர் திரைக்கே வருவதில்லை. உங்களை யாரோ படித்துப் பார்த்து நிராகரித்தார்கள் என்று எண்ணி மனம் நோகாதீர்கள். பெரும்பாலும் யாரும் படிக்கவே இல்லை.

உங்கள் நிலையில் உள்ள பதவிகள் எப்படி உருவாகின்றன என்பதைப் புரிந்துகொண்டால் தேடும் முறை தானாக மாறும். பொருளாதாரம் மந்தமாக இருக்கும்போது, ஆண்டுக்கு அரைக் கோடி ரூபாய் ஊதியம் தர வேண்டிய ஒரு பதவியை எந்த நிறுவனமும் சும்மா திறந்து வைப்பதில்லை. ஏதோ ஒரு திட்டம் நட்டத்தில் ஓடுகிறது, ஒரு வாடிக்கையாளர் விலகப்போவதாக மிரட்டுகிறார், அல்லது தலைமையகத்திலிருந்து புதிய பிரிவு ஒன்றைச் சென்னைக்கு மாற்றச் சொல்கிறார்கள் என்ற நெருக்கடி ஓர் உயரதிகாரியின் தலையில் வந்து விழுகிறது. அவர் முதலில் தனக்கு நம்பிக்கையான இரண்டு மூன்று பேரைத் தொலைபேசியில் அழைத்து, 'இதைச் சமாளிக்கக்கூடியவர் யாராவது உங்களுக்குத் தெரியுமா?' என்று கேட்கிறார். அங்கே ஆள் கிடைக்காவிட்டால்தான் ஆள்தேடும் நிறுவனத்திடம் போகிறார்; அங்கும் சரிவராதபோதுதான் விளம்பரம் வருகிறது. விளம்பரத்தைப் பார்த்து விண்ணப்பிக்கும் நீங்கள் மூன்றாவது வாசலில் நிற்கிறீர்கள். முதல் வாசலில், அந்தத் தொலைபேசி உரையாடலில், உங்கள் பெயர் அடிபட வேண்டும்.

அதற்கு நிறுவனங்களின் பட்டியலைப் போடாமல், நீங்கள் வேலை செய்ததை நேரில் பார்த்தவர்களின் பட்டியலைப் போடுங்கள். பழைய மேலதிகாரிகள், வாடிக்கையாளர் தரப்பில் உங்களோடு மல்லுக்கு நின்றவர்கள், துணை ஒப்பந்ததாரர்கள் ஆகியோரோடு, ஒரு காலத்தில் உங்களுக்குக் கீழே பணியாற்றி இன்று வேறு நிறுவனத்தில் உயர்ந்த இடத்தில் இருப்பவர்களையும் எழுதுங்கள். இந்தக் கடைசி வகையினரை அணுகத்தான் நம்மவர்களுக்குக் கூச்சம் அதிகம். ஆனால், உங்களைப் பற்றி மிகுந்த மதிப்போடு பேசக்கூடியவர்களும் அவர்கள்தாம். ஒரு காலத்தில் அவர்களுக்குப் பதவி உயர்வு வாங்கிக்கொடுக்க நீங்கள் வாதாடியதை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

அவர்களிடம் 'வேலை இருக்கிறதா?' என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு 'இப்போதைக்கு இல்லை சார், இருந்தால் சொல்கிறேன்' என்பதைத் தவிர அவர்களால் வேறெதுவும் சொல்ல முடியாது. சொன்ன பிறகு உங்கள் அடுத்த அழைப்பை எடுக்கவும் தயங்குவார்கள். உங்கள் நிறுவனத்தில் இப்போது எந்தப் பிரிவு திணறுகிறது, எந்த வாடிக்கையாளர் புதிதாக வந்திருக்கிறார், யார் புதிதாகப் பொறுப்பேற்றிருக்கிறார்கள் என்று கேளுங்கள். நிலைமையைக் கேட்டால் மனிதர்கள் மனம் திறந்து பேசுவார்கள். பேச்சின் முடிவில் 'நீங்கள் வேண்டுமானால் இன்னாரிடம் பேசிப் பாருங்களேன்' என்று அவர்களே ஒரு பெயரைச் சொல்வார்கள். அந்தப் பெயர்தான் உங்களுக்கு வேண்டும்.

இனி, குறிப்பைப் பற்றி. டெலிவரி மேனேஜர் என்ற பதவிப்பெயருக்கு இருந்த மதிப்பு குறைந்துவிட்டது என்பதைக் கசப்பாக இருந்தாலும் ஏற்றுக்கொள்ள வேண்டும். எத்தனை பேர் அவருக்குக் கீழே இருக்கிறார்கள் என்பதை வைத்து ஒருவருடைய ஊதியத்தை நியாயப்படுத்திய காலம் அது. ஓர் ஊழியர் ஆண்டுக்கு 225 நாள்கள் பில்லிங்கில், அதாவது வாடிக்கையாளர் பணம் தரும் வேலையில், இருக்க வேண்டும், 35 நாள்களுக்கு மேல் பெஞ்சில், அதாவது திட்டம் எதுவும் ஒதுக்கப்படாமல், இருக்கக் கூடாது என்று டி.சி.எஸ். 2025 ஜூனில் விதி வகுத்ததிலிருந்தே, வாடிக்கையாளர் நேரடியாகப் பணம் தராத வேலையை நிறுவனங்கள் எப்படிப் பார்க்கத் தொடங்கியுள்ளன என்பது விளங்கும். ஆகவே '120 பேர் கொண்ட அணியை நிர்வகித்தேன்' என்று எழுதினால் அது செலவுக் கணக்காகத்தான் படிக்கப்படும். 'இரண்டு காலாண்டுகளாக நட்டத்தில் இருந்த காப்பீட்டுத் திட்டத்தின் ஒப்பந்தத்தைத் திருத்தி எழுத வைத்து, மூன்றாம் காலாண்டில் லாபத்துக்குக் கொண்டுவந்தேன்' என்று எழுதினால், அதே நட்டத்தில் உழலும் ஒருவர் உங்களைக் கூப்பிட்டுப் பேசுவார். குறிப்பு இரண்டு பக்கங்களைத் தாண்ட வேண்டாம். 2005-க்கு முன் செய்தவை ஒரே வரியில் அடங்கட்டும்.

சென்னையில் வெளிநாட்டு வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் வாகன நிறுவனங்களும் நடத்தும் ஜி.சி.சி. எனப்படும் உலகளாவிய திறன் மையங்கள் உங்களுக்குப் பொருத்தமானவை. ஆனால், அவை ஆள்களை மேய்ப்பவரைத் தேடுவதில்லை. காப்பீட்டுக் கோரிக்கை எந்தெந்தக் கட்டங்களைத் தாண்டிச் செல்கிறது, எங்கே தேங்குகிறது என்று துறையை அறிந்து பேசக்கூடியவரைத் தேடுகின்றன. அந்த அறிவை நீங்கள் 24 ஆண்டுகளில் சேர்த்திருப்பீர்கள்; அதை முன்வரிசைக்குக் கொண்டுவாருங்கள். வாரம் ஒரு செயற்கை நுண்ணறிவுச் சான்றிதழை லிங்க்ட்இன்னில் இடுவதால் பயன் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அதைவிட, உங்கள் துறையில் ஒரே ஒரு வேலையை அந்தக் கருவிகளைக் கொண்டு நீங்களே செய்து பார்த்துவிட்டு, அதில் எது உதவியது, எது உதவவில்லை என்று நேர்காணலில் சொல்லும் நிலையில் இருங்கள்.

தளங்களை முற்றிலும் விட்டுவிட வேண்டாம். அண்மையில் யார் உள்ளே வந்தார்கள் என்பதையும் ஆள்தேடுவோர் வடிகட்ட முடியும் என்பதால், வாரம் ஒருமுறை குறிப்பைப் புதுப்பித்தால் போதும். 'உடனே சேரலாம்' என்பதைத் தவறாமல் போடுங்கள். பணியில் இருப்பவர்களில் பலர் 90 நாள் நோட்டீஸில் சிக்கியிருக்கும்போது, வேலை இழந்தவருக்கு உள்ள ஒரே சாதகம் அதுதான்.

கேள்வி: திருப்பூரில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசிங் பொது மேலாளராக இருந்தேன். வயது 51. எங்கள் ஆர்டர்களில் பெரும்பகுதி அமெரிக்காவுக்குச் சென்றவை; வரி உயர்வுக்குப் பிறகு பாதி நின்றுவிட்டது, என்னையும் நிறுத்திவிட்டார்கள். இப்போது வேறொரு நிறுவனத்தார் பழைய ஊதியத்தில் பாதி தருவதாகச் சொல்கிறார்கள். ஏற்கலாமா?
– வாசகர், அவிநாசி

பதில்: 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீதான வரியை 50 விழுக்காடாக உயர்த்தியபோது, அந்த ஒரு சந்தையையே நம்பியிருந்த நிறுவனங்களில் உங்கள் பதவியில் இருந்தவர்களுக்கு முதல் அடி விழுந்தது இயல்பே. ஆனால், அதே வரி வேறொரு தேவையையும் உண்டாக்கியது என்பதைக் கவனியுங்கள். அமெரிக்காவை விட்டு வேறு சந்தைக்குப் போக வேண்டிய கட்டாயம் ஒவ்வொரு முதலாளிக்கும் வந்துவிட்டது. இந்தியாவும் பிரிட்டனும் 2025 ஜூலை 24 அன்று கையெழுத்திட்ட வர்த்தக ஒப்பந்தம் ஆயத்த ஆடைகளுக்கான பிரிட்டிஷ் இறக்குமதி வரியை நீக்க வகைசெய்கிறது. எனவே, இதுவரை பிரிட்டனையோ ஐரோப்பாவையோ தொட்டுப் பார்க்காத நிறுவனங்களுக்கு, அங்குள்ள பையர்களின், அதாவது ஆடைகளை வாங்கும் நிறுவனங்களின், அளவு அட்டவணையையும் பரிசோதனை முறையையும் தொழிற்சாலைத் தணிக்கை விதிகளையும் அறிந்த ஒருவர் தேவைப்படுகிறார். உங்கள் அனுபவத்தில் அந்தச் சந்தைகள் ஒரு பங்காவது இருக்குமானால், பாதி ஊதியக்காரரிடம் பதில் சொல்வதற்கு முன் அத்தகைய நான்கைந்து முதலாளிகளை நேரில் பாருங்கள். திருப்பூரில் இன்னமும் மேல்நிலை நியமனங்கள் பயோடேட்டாவைப் பார்த்து நடப்பதில்லை. டையிங்காரரும் பிரிண்டிங்காரரும் நூல் ஏஜென்ட்டும் உங்களைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்பதை வைத்து நடக்கின்றன. எந்த நிறுவனத்துக்கு எந்த பையர் புதிதாக வந்திருக்கிறார் என்பதும் அவர்களுக்குத்தான் முதலில் தெரியும்.

இருக்கும் வாய்ப்பைப் பற்றிக் கேட்டால், ஊதியம் குறைந்ததை விடப் பொறுப்பு குறைந்ததா என்பதையே நான் முதலில் பார்ப்பேன். பொது மேலாளர் பொறுப்பும் பையரோடு நேரடித் தொடர்பும் இருந்து, பணம் மட்டும் குறைவு என்றால், ஏற்பதில் இழுக்கில்லை. சந்தை திரும்பும்போது அந்தத் தொடர்புகள் உங்கள் கையில் இருக்கும். பொறுப்பையும் குறைத்து, பையரிடம் பேசாத உள்வேலை ஒன்றைக் கொடுக்கிறார்கள் என்றால், இரண்டு ஆண்டுகள் கழித்து உங்களிடம் காட்டுவதற்கு எதுவும் இருக்காது. பேரத்தில் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்: நிலையான ஊதியம் அவர் சொன்னபடியே இருக்கட்டும்; நீங்கள் புதிதாகக் கொண்டுவரும் ஆர்டர் ஏற்றுமதியாகிப் பணம் வந்த பிறகு அதில் ஒரு பங்கு என்று எழுதித்தரச் சொல்லுங்கள். இன்றைய நிலையில் கூடுதல் மாதச் செலவுக்கு அஞ்சும் முதலாளி, வந்த பணத்தில் பங்கு தரத் தயங்க மாட்டார். எழுதித்தர மறுத்தால், அதுவும் ஒரு தகவல்தான்.

கேள்வி: என் கணவர் ஒரு தனியார் நிறுவனத்தில் நிதிப்பிரிவுத் துணைத்தலைவராக இருந்தார். வேலை போய் நான்கு மாதங்களாகியும் என்னையும் அவருடைய அண்ணனையும் தவிர யாருக்கும் தெரியாது. அடுத்த ஆண்டு மகளுக்கு வரன் பார்க்க வேண்டியிருப்பதால் வெளியே சொல்லக்கூடாது என்கிறார். பழைய நண்பர்கள் அழைத்தாலும் எடுப்பதில்லை. என்ன செய்வது?
– வாசகி, மதுரை

பதில்: சகோதரி, உங்கள் கணவரின் தயக்கம் எனக்குப் புரிகிறது, வரன் பேச்சில் 'அப்பா என்ன செய்கிறார்?' என்ற கேள்வி முதலில் வரும் சமூகம் நம்முடையது. ஆனால், அவருடைய பதவியில் உள்ள ஒருவருக்கு வேலை வரக்கூடிய வழி, அவரை அறிந்தவர்கள் அவரை நினைவில் வைத்திருப்பது ஒன்றுதான் என்று மேலே எழுதியிருக்கிறேன். அவர் வேலையில் இருப்பதாகவே எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தால், பொருத்தமான இடம் ஒன்று கண்ணெதிரே வந்தாலும் யாரும் அவர் பெயரைச் சொல்ல மாட்டார்கள்.

ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. உறவினர் வட்டத்தையும் தொழில் வட்டத்தையும் பிரித்துக்கொள்ளச் சொல்லுங்கள். உறவினருக்குச் சொல்லும் நேரத்தை அவரே முடிவு செய்யட்டும். தொழில் வட்டத்தில் சொல்வதற்கு இரண்டு வாக்கியங்கள் போதும். 'எங்கள் நிறுவனம் நிதிப்பிரிவை மும்பைத் தலைமையகத்தோடு இணைத்துவிட்டதால் ஜூன் மாதத்தோடு வெளியே வந்துவிட்டேன். கடன் சீரமைப்பும் வங்கி உறவும் தேவைப்படும் நடுத்தர உற்பத்தி நிறுவனங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.' முதல் வாக்கியம் நடந்ததைச் சொல்கிறது, யாரையும் பழிக்கவில்லை. இரண்டாவது, கேட்பவர் எந்த இடத்தில் அவரை நினைக்க வேண்டும் என்று காட்டுகிறது. காரணமும் துறையும் அவருக்கு ஏற்றபடி மாறலாம். அமைப்பு இதுவாக இருக்கட்டும். தன்னோடு படித்த பட்டயக் கணக்காளர்கள், நிறுவனத்தின் பழைய தணிக்கையாளர், கடன் கொடுத்த வங்கியின் அதிகாரிகள் ஆகியோரிடம் அவர் இதைச் சொல்லலாம். எந்த நிறுவனத்தில் நிதிப்பொறுப்பாளர் நாற்காலி ஆட்டம் காண்கிறது என்பது தணிக்கையாளர்களுக்குத் தெரிவதுபோல் வேறு யாருக்கும் தெரியாது.

உறக்கம் கெடுவது, சாப்பாட்டைத் தவிர்ப்பது, 'நான் இருந்து என்ன பயன்?' என்பது போன்ற பேச்சு ஆகியவை இருந்தால், வேலை கிடைத்ததும் சரியாகிவிடும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மாநில அரசின் 104 எண்ணில் மனநல ஆலோசனையும் கிடைக்கும்.

கேள்வி: அம்பத்தூரில் உள்ள நிறுவனம் ஒன்றில் 18 ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன், இப்போது தரப்பிரிவு மேலாளர். மனிதவளத்துறையினர் அழைத்து, 'நீங்களாகவே ராஜினாமா கடிதம் கொடுத்துவிடுங்கள், இல்லையென்றால் வேலைநீக்கம் என்று பதிவாகும்' என்கிறார்கள். கையெழுத்திடலாமா?
– வாசகர், ஆவடி

பதில்: அன்றே, அந்த அறையிலேயே கையெழுத்திட வேண்டாம். 'படித்துப் பார்த்துவிட்டு இரண்டு நாளில் சொல்கிறேன்' என்று கூறி, அவர்கள் தருவதாகச் சொல்வதை மின்னஞ்சலில் கேட்டுப் பெறுங்கள். வாய்ச்சொல்லாகக் கிடைத்த வாக்குறுதிகள் இறுதிக் கணக்கில் காணாமல் போவதை ஆள் எடுக்கும் பக்கத்திலும் அனுப்பும் பக்கத்திலும் இருந்து பார்த்திருக்கிறேன்.

சட்டத்தில் உங்கள் நிலையைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பும், அதற்கு முன்பிருந்த 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டத்தைப் போலவே, நிர்வாகப் பொறுப்பில் உள்ளவர்களைத் தொழிலாளி என்ற வரையறைக்கு வெளியே வைக்கிறது. பதவிப்பெயர் மட்டும் மேலாளர், செய்வது முழுக்கத் தொழில்நுட்ப வேலை என்றால் வாதத்துக்கு இடமுண்டு. அதை ஒரு தொழிலாளர் சட்ட வழக்கறிஞரிடம் கேளுங்கள். உண்மையிலேயே நிர்வாகப் பொறுப்பு என்றால், ஆள்குறைப்புக்கு எதிரான பாதுகாப்புகள் உங்களுக்குக் கிடைப்பது கடினம். பணி ஒப்பந்தத்தில் உள்ள நோட்டீஸ் காலமும் பேரம் பேசும் திறனும்தான் துணை. நிறுவனம் உங்கள் ராஜினாமாவை விரும்புவதே, அதற்கும் தொல்லையில்லாத முடிவு வேண்டும் என்பதால்தான். அதற்கு ஒரு விலை உண்டு.

கிராஜுவிட்டி எனப்படும் பணிக்கொடை பேரத்துக்குரியதன்று, அது உங்கள் உரிமை. ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பணியாற்றிய எவருக்கும், மேலாளர் உட்பட, ராஜினாமா செய்தாலும் அது உண்டு. கடைசி மாத அடிப்படை ஊதியத்தையும் பஞ்சப்படியையும் கூட்டி, 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, பணியாண்டுகளால் பெருக்க வேண்டும். உங்கள் அடிப்படை 80,000 ரூபாய் என்றால் 18 ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 8.3 லட்சம் வரும்; சட்டப்படியான உச்சவரம்பு 20 லட்சம். புதிய சட்டத்தொகுப்புகளில் ஊதியம் என்பதன் விளக்கம் மாறியிருப்பதால், அடிப்படை ஊதியத்தைச் சிறியதாகவும் படிகளைப் பெரியதாகவும் காட்டியுள்ள நிறுவனங்களில் தொகை கூடலாம். கணக்கை எழுத்தில் கேளுங்கள். எடுக்காத விடுப்புக்கான பணத்துக்குத் தனியார் ஊழியர்களுக்கான வரிவிலக்கு 2023-இல் 3 லட்சத்திலிருந்து 25 லட்சமாக உயர்ந்துள்ளது. ஊதிய நிலுவையை விலகிய இரண்டு வேலைநாள்களுக்குள் தீர்க்க வேண்டும் என்று ஊதியச் சட்டத்தொகுப்பு சொல்கிறது.

பேரம் பேச வேண்டியவை வேறு. நோட்டீஸ் காலத்துக்கு மேல் சில மாத ஊதியம், குழு மருத்துவக் காப்பீட்டை அந்தப் பாலிசி ஆண்டின் முடிவுவரை நீட்டித்தல், விலகல் கடிதத்திலும் பின்னாளில் விசாரிப்பவர்களுக்குச் சொல்லும் பதிலிலும் என்ன வாசகம் இருக்கும் என்பதன் உறுதி ஆகியவற்றைக் கேளுங்கள். இவற்றில் பலரும் கோட்டைவிடுவது காப்பீட்டைத்தான். பொதுவாகக் கடைசி வேலைநாளோடு குழுக் காப்பீடு முடிந்துவிடும். ஐம்பதை நெருங்கும் ஒருவருக்கு, அதிலும் சர்க்கரையோ ரத்தக்கொதிப்போ இருப்பவருக்கு, அது பெரிய ஆபத்து. அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற விதி இடம் தருகிறது; ஏற்கெனவே கழிந்த காத்திருப்புக் காலமும் கணக்கில் சேரும். ஆனால், வெளியே வருவதற்கு முன்பே விண்ணப்பத்தைத் தொடங்க வேண்டும்.

விலகல் ஒப்பந்தத்தில் 'ஓராண்டுக்குப் போட்டி நிறுவனத்தில் சேரமாட்டேன்' என்ற வாசகம் இருந்தால் மிரள வேண்டாம். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவின்படி, பணி முடிந்த பிறகு ஒருவர் தன் தொழிலைச் செய்யவிடாமல் தடுக்கும் நிபந்தனை செல்லாது. நிறுவனத்தின் ரகசியங்களை வெளியிடக்கூடாது என்ற நிபந்தனை மட்டும் செல்லும்; அதை மதித்து நடங்கள். வருங்கால வைப்புநிதியை அவசரப்பட்டு எடுக்காதீர்கள். எடுக்காத தொகைக்கு 58 வயதுவரை வட்டி வரும், வேலையை விட்டபின் சேரும் வட்டிக்கு வரி மட்டும் உண்டு. வீட்டுக்கடன் தவணை தவறுவதற்கு முன்பே வங்கி மேலாளரைப் பார்த்துக் காலத்தை நீட்டிக்கக் கேளுங்கள். தவறியபின் கேட்டால் அவர் குரலே வேறாக இருக்கும். வேலை தேட எட்டு மாதமோ ஓராண்டோ ஆகலாம். அதுவரை தாங்கும் நிலையில் இருப்பவர்தான் முதலில் வந்த தவறான வேலையை மறுக்க முடியும்.

கேள்வி: வளைகுடா நாட்டில் திட்ட இயக்குநர் வேலை என்று ஒரு 'எக்ஸிக்யூட்டிவ் சர்ச்' நிறுவனம் அழைத்தது. நேர்காணலும் நடந்தது. இப்போது ஆவணச் சரிபார்ப்புக்கு 65,000 ரூபாய் கேட்கிறார்கள். கட்டலாமா?
– வாசகர், திருச்சி

பதில்: கட்டாதீர்கள். உண்மையான உயர்பதவி ஆள்தேடும் நிறுவனம் ஆளைத் தேடச் சொன்ன முதலாளியிடமிருந்துதான் கட்டணம் வாங்கும். வேலை தேடுபவரிடம் ஒரு ரூபாய்கூடக் கேட்காது. வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புபவர் 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றிருக்க வேண்டும். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் மட்டுமே. பதிவு எண்ணை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் சரிபாருங்கள். ஏற்கெனவே பணம் கட்டியிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். முதல் சில மணி நேரத்தில் சொன்னால்தான் பணத்தை முடக்கி வைக்க வாய்ப்புண்டு.

கேள்வி: நேர்காணல் செய்தவருக்கு 34 வயது இருக்கும். 'உங்கள் அனுபவம் இந்தப் பதவிக்கு அதிகம்' என்று சொல்லி அனுப்பிவிட்டார். வயதைக் காரணம் காட்டி மறுப்பது சட்டப்படி சரியா? படித்து முடித்த ஆண்டைக் குறிப்பிலிருந்து எடுத்துவிடலாமா?
– வாசகர், ஓசூர்

பதில்: அமெரிக்காவில் 40 வயதைக் கடந்தவர்களை வேலையில் பாகுபடுத்துவதைத் தடுக்க 1967-லேயே சட்டம் வந்துவிட்டது, இந்தியத் தனியார் துறைக்கு அப்படியொரு பொதுச் சட்டம் இல்லை. ஆண்டை எடுத்துவிடுவதால் தொலைபேசி அழைப்பு வேண்டுமானால் வரலாம். நேரில் பார்த்தபின் மறைத்தவர் என்ற எண்ணமும் சேர்ந்து வரும். அதில் எனக்கு உடன்பாடில்லை.

'அனுபவம் அதிகம்' என்பதற்குள் மூன்று அச்சங்கள் இருக்கின்றன: ஊதியம் கட்டுப்படியாகாது, நல்ல வாய்ப்பு வந்ததும் போய்விடுவார், என் சொல்லைக் கேட்க மாட்டார். இளைஞரான மேலதிகாரியின் மனத்தில் பெரும்பாலும் மூன்றாவதுதான் இருக்கும். அதை அவர் வாய்விட்டுச் சொல்ல மாட்டார். எனவே நீங்களே அதைத் தொடுங்கள். உங்களைவிட வயதில் குறைந்த ஒருவரின் முடிவை ஏற்று நடந்த ஓர் உண்மை நிகழ்வைச் சொல்லுங்கள். முதல் மூன்று மாதங்களில் அவருடைய எந்தச் சுமையை இறக்கி வைப்பீர்கள் என்று கேட்டு அறிந்து பேசுங்கள். 'எங்கள் காலத்தில்' என்று தொடங்கும் வாக்கியம் ஒன்றுகூட வர வேண்டாம். அவரைத் தம்பி என்றும் அழைக்காதீர்கள். பாசமாகத்தான் சொல்லியிருப்பீர்கள், அவர் காதில் அப்படி விழாது.

கேள்வி: கோவையில் ஒரு பம்ப்செட் ஆலையில் உற்பத்தித் தலைவராக இருந்தேன், வயது 56. இனி முழுநேர வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கை இல்லை. ஆலோசகராவதா, கல்லூரியில் பாடம் நடத்துவதா, நிறுவனங்களில் சுயேச்சை இயக்குநராவதா என்று குழம்புகிறேன்.
– வாசகர், பீளமேடு

பதில்: மூன்றாவதை முதலில் ஒதுக்கிவிடலாம். 2013-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டப்படி சுயேச்சை இயக்குநர்கள் தேவைப்படுவது பங்குச்சந்தையில் பட்டியலான நிறுவனங்களுக்கும் பெரிய பொது நிறுவனங்களுக்கும்தான். இந்திய நிறுவன விவகாரக் கழகம் நடத்தும் தரவு வங்கியில் பதிவு செய்து, விலக்கு இல்லாதவர்கள் இரண்டு ஆண்டுகளுக்குள் இணையவழித் தேர்வில் 50 விழுக்காடு எடுக்க வேண்டும். பதிவு செய்தவர்கள் ஏராளம். அழைக்கப்படுபவர்கள் நிறுவனத்தாருக்கு ஏற்கெனவே அறிமுகமானவர்கள். கூட்டத்துக்கான படி அதிகபட்சம் ஒரு லட்சம் ரூபாய் என்பது பெரிதாகத் தோன்றும். ஆண்டில் நான்கைந்து கூட்டங்கள்தான் நடக்கும், தவறு நடந்தால் பொறுப்பும் உங்கள் தலைமேல் வரும். இதைக் கௌரவமாகக் கொள்ளலாம், வருமானமாகக் கொள்ள முடியாது.

கல்லூரி உங்களுக்குப் பொருந்தும், ஆனால் குறுகிய காலத்துக்கு. பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் வெளியிட்ட நெறிமுறைப்படி, துறையில் 15 ஆண்டு அனுபவமுள்ளவரை முனைவர் பட்டம் இல்லாமலேயே 'பிராக்டிஸ் பேராசிரியர்' ஆக நியமிக்கலாம். அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் 10 விழுக்காட்டுக்கு மேல் இத்தகையவர்கள் இருக்கக்கூடாது. பணிக்காலம் மூன்று ஆண்டுகள், விதிவிலக்காக நான்கு. கோவையைச் சுற்றிப் பொறியியல் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. முதல்வரைப் பார்க்கும்போது பாடம் நடத்த வந்ததாகச் சொல்லாமல், மாணவர் திட்டப்பணிகளை எந்தெந்த ஆலைகளில் செய்ய வைக்க முடியும் என்று ஒரு பட்டியலோடு போங்கள். ஆலைகளின் கதவைத் திறக்கக்கூடியவரைத்தான் அவர் தேடுகிறார்.

என் கருத்தில் உங்களுக்கு முதன்மையானது ஆலோசனைப் பணி. கோவையில் ஐம்பது, நூறு பேரை வைத்து மோட்டாரும் பம்பும் செய்யும் ஆலைகளுக்கு உங்களைப் போன்ற ஒருவரை முழுநேர ஊதியத்தில் வைத்துக்கொள்ள வசதியில்லை; வாரம் இரண்டு நாளுக்கு வசதியுண்டு. 'தொழிற்சாலை மேம்பாட்டு ஆலோசகர்' என்று அட்டை அடித்தால் யாருக்கும் எதுவும் விளங்காது. வார்ப்பில் கழிவு எத்தனை விழுக்காடு, அதை எவ்வளவாகக் குறைப்பீர்கள் என்பதோ, மின்சிக்கனத்துக்கான நட்சத்திரத் தரக்குறியீடு பெற எந்தெந்தச் சோதனைகளைக் கடக்க வைப்பீர்கள் என்பதோ பேச்சாக இருக்கட்டும். முதல் வேலையை ஆறு மாத ஒப்பந்தமாக, செய்ய வேண்டியவற்றை வரிவரியாக எழுதி, ஒரு மாதக் கட்டணத்தை முன்பணமாகப் பெற்றுக்கொண்டு தொடங்குங்கள். முன்பணம் தரத் தயங்குபவர் மாதக் கடைசியிலும் தயங்குவார்.

ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமில்லை. பொறியியல், தொழில்நுட்ப ஆலோசனைத் தொழில்களில் வரவு 50 லட்சத்துக்குள் இருந்தால், அதில் பாதியை வருமானமாகக் காட்டி வரி கட்டும் எளிய முறை உண்டு. கணக்குப் புத்தகங்களோடு போராட வேண்டியதில்லை. மறக்காமல் சிறுதொழில்களுக்கான அரசின் உத்யம் தளத்தில் உங்களைச் சேவை நிறுவனமாகப் பதிவு செய்துகொள்ளுங்கள், கட்டணம் கிடையாது. அந்தப் பதிவு இருந்தால், 2006-ஆம் ஆண்டுச் சிறு, குறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி வாடிக்கையாளர் 45 நாள்களுக்குள் உங்களுக்குப் பணம் தந்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி சேரும். அந்தப் பதிவெண்ணை ஒவ்வொரு பில்லின் தலைப்பிலும் அச்சிட்டுவிடுங்கள். கேட்காமலேயே பணம் வருவதற்கு அது ஓரளவு உதவும்.